பந்தியில் எடுத்த இலை

மரக்காணம்
18-10-2004

ஆதிமூலத்துக்கு,

தட்சணாமூர்த்தி எழுதுவது. இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு யார் காரணம் என்று உனக்கே தெரியும். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கொஞ்சம் அசைகின்றன. மற்ற மூன்றும் மடங்க மாட்டேன் என்கின்றன. இரண்டு மாதமாகப் பழைய நோட்டில் அ, ஆ என்று எழுதிப் பழகினேன். பழகி முடித்ததும் முதல் கடிதம் உனக்குத்தான் என்று முடிவு செய்திருந்தேன்.

நலமா என்று கேட்க மாட்டேன். ஆனால் நீ நலமாக இருந்தாக வேண்டும். நீ வெளியே வரும் நாளில் மரக்காணம் பஸ் நிலையத்தில் நான் நிற்பேன். ஐயனார் கோயிலில் நீ எந்தக் கிடா வெட்டும் அரிவாளால் என் கையை வெட்டினாயோ, அதே அரிவாளோடு நிற்பேன். அதற்கு முன்னால் நெஞ்சு வலி வந்து நீ உள்ளேயே செத்துப்போனால் நான் யாரை வெட்டுவது?

உனக்குச் சொரணை இருக்கிறதோ இல்லையோ, எனக்கு ஞாபகம் இருக்கிறது. சித்திரையில் உப்பு மூட்டையைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாய். புதுச்சேரிக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு ஓடியவன் நான். கொலஸ்ட்ரால் இருநூற்று எண்பத்தாறு என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் உன்னை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "ஏம்பா, உங்க அண்ணன் உயிரு இனிமே உன் கையிலதான் இருக்குது. ஆட்டுக்கறிய அவர் கண்ணுல காட்டாத." அந்தக் கையைத்தான் நீ வெட்டினாய்.

ஆகவே கேட்டுக்கொள். அங்கே கறி போட்டால் தொடாதே. பீடியை விடு. வடை, பஜ்ஜி என்று எண்ணெயில் பொரித்த எதையும் வாயில் வைக்காதே. கீரை, கேழ்வரகு, மோர் கிடைத்தால் வாங்கிச் சாப்பிடு. தினமும் முக்கால் மணி நேரம் நட, உட்கார்ந்து உட்கார்ந்து பெருத்துப்போகாதே. மாத்திரையை நிறுத்தாதே. உன்னை முழுசாக, உயிரோடு என்னிடம் ஒப்படைக்க வேண்டும்.

உன்னால் வெட்டுப்பட்டவன்,
தட்சணாமூர்த்தி

கடிதங்களைப் படித்துப் பார்க்கும் ஐயாவுக்கு வணக்கம். இது எங்கள் குடும்ப விஷயம். கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

---

மத்திய சிறை
2-11-2004

தம்பி தட்சணாமூர்த்திக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். நீ வேண்டாம் என்றாலும் அது வரத்தான் செய்யும்.

உன் கடிதத்தைப் படித்த ஐயா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "யாருய்யா இது? கொல மிரட்டலா, டயட் சார்ட்டா? எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். "ரெண்டும்தாங்க. என் தம்பிங்க" என்றேன். சிரித்துவிட்டுக் கொடுத்தார். இத்தனை வருஷம் என்னை 'நீங்க' என்று கூப்பிட்டவன், 'நீ' என்று எழுதியிருக்கிறாய். அது போகட்டும்.

நான் செய்ததைச் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீ செய்ததையும் நீ பார்க்க வேண்டும். கிடாவெட்டில் முதல் இலை குடும்பத்துக்கு மூத்தவனுடையது. உப்பளத்தில் என் கீழே வேலை செய்கிறவர்கள், சம்பந்தி வீட்டார், பக்கத்து ஊர்க்காரர்கள் என்று நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறிய தேசப்பன் மூன்றாவது தடவை கறி வைத்தான், உண்மைதான். நீ இரண்டு தடவை "போதும்ணா" என்றாய், அதுவும் உண்மைதான். நான் கேட்கவில்லை என்று குனிந்து, சாப்பிட்டுக்கொண்டிருப்பவனின் இலையை உருவி எடுத்தாயே. ஊரைவிட்டுத் தள்ளி வைத்தவனுக்குத்தான் பந்தியில் இலையை எடுப்பார்கள். என் கை சோற்றோடு அந்தரத்தில் நின்றது. தரையில் குழம்பு ஓடி என் வேட்டியில் ஏறியது. அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

அதற்கப்புறம் அரிவாள் எப்படி என் கைக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. நீ என் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன்.

ஜாமீனுக்கு ஆள் பிடிக்கிறேன் என்று உன் அண்ணி ஜெயா வந்தாள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். வந்து எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பேன்?

நடக்கச் சொன்னாய், நடக்கிறேன். உனக்காக இல்லை. எனக்கு வேறு வேலை இல்லை.

ஆதிமூலம்

---

மரக்காணம்
9-1-2005

அண்ணனாக இருந்த ஆதிமூலத்துக்கு,

அண்ணி உயிரோடு இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ பாதிக் கடிதத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

கடல் வந்ததைக் கேள்விப்பட்டிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கக் குப்பத்துக்குப் போயிருந்தேன். அண்ணியும் வந்திருந்தார். நாங்கள் பேசிக்கொள்வதில்லை, அதனால் இருபதடி தள்ளித்தான் நின்றோம். தண்ணீர் கறுப்பாக எழுந்து வந்தது. படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உடைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மீன் நிறுத்துக்கொண்டிருந்த கிழவியைக் கண்ணெதிரே கொண்டுபோய்விட்டது. நான் ஒரு சவுக்கு மரத்தை வலது முழங்கையால் இறுக்கிக்கொண்டேன். விரல்தான் செத்துவிட்டதே, முழங்கை இருக்கிறது. அண்ணி உருண்டு வந்தார். இடது கையால் கொண்டையைப் பிடித்தேன். விடவில்லை. தண்ணீர் இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "எரும, பாதி முடி போச்சுடா."

இதை உனக்காகச் செய்ததாக நினைத்துக்கொள்ளாதே. எனக்குச் சோறு போட்டு வளர்த்தவர் அவர்.

முகத்துவாரம் வழியாகக் கடல் ஏறி உப்பளம் முழுக்கச் சேறு. ஏற்கெனவே மழைத்தண்ணீர் நின்ற பாத்திகள்தான், இப்போது வரப்பு எது, பாத்தி எது என்று தெரியவில்லை. ஒரு பாத்தியில் யாருடைய பிணமோ கிடந்தது. நானும் நாலு பேரும்தான் எடுத்தோம்.

டிசம்பர் இருபதாம் தேதி கோர்ட்டில் நான் சாட்சி சொன்னது உனக்குக் கேட்டிருக்கும், நீ கூண்டில்தானே நின்றாய். உன் வக்கீல், கை தவறிப் பட்டதுதானே என்று கேட்டார். இல்லை, இலையைப் பிடித்திருந்த கையைப் பார்த்து வெட்டினார் என்று சொன்னேன். உண்மையைச் சொன்னேன். அதற்கு நான் வருத்தப்படவில்லை.

மாத்திரை சாப்பிடுகிறாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

உன்னால் வெட்டுப்பட்டவன்,
தட்சணாமூர்த்தி

---

மத்திய சிறை
27-2-2005

தம்பி தட்சணாமூர்த்திக்கு ஆசீர்வாதம்.

இரண்டு வருஷம் தீர்ப்பாகிவிட்டது. உள்ளே இருந்த மாதங்களும் அதில் கழியும் என்கிறார்கள். நீ சாட்சி சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. பொய் சொல்லி என்னைக் காப்பாற்றியிருந்தால்தான் இரண்டாவது தடவையும் அவமானமாக இருந்திருக்கும்.

ஜெயாவின் முடியைப் பற்றி எழுதியிருந்தாய். அன்று ராத்திரி கம்பளியை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். இதை எழுதக் கூசுகிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

மாத்திரை சாப்பிடுகிறேன். பீடியை விட்டு மூன்று மாதம் ஆகிறது. முதல் மாதம் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. காலையில் மைதானத்தை முப்பது சுற்று நடக்கிறேன். களியும் கீரைக் குழம்பும் எனக்குப் பிடிக்கும் என்று இங்கே வந்துதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தரும் கறியைப் பச்சமுத்து என்கிற லாரி டிரைவருக்குக் கொடுத்துவிடுகிறேன். சிறை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். இருநூற்று நாற்பத்தொன்று. கடிதம் பார்க்கும் அந்த ஐயாவும் எட்டிப் பார்த்து, "உன் தம்பிக்கு எழுது, சந்தோஷப்படுவான்" என்றார்.

சந்தோஷப்படாதே. இன்னொன்றையும் கேள். போன மாதம் கறி குறைந்துவிட்டது என்று அந்தப் பச்சமுத்து என் தட்டை எட்டி உதைத்தான். களி தரையில் ஓடியது. மறுபடியும் தரையில் சோறு. என் இரண்டு கையும் அவன் தொண்டைக்குப் போய்விட்டன. விரல் இறுகியது, அவன் முகம் ஊதி நாக்கு வெளியே வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது, தம்பி. பொய் சொல்லமாட்டேன், பிடித்திருந்தது. அப்போது அவன் "அண்ணே" என்றான். மூச்சே இல்லாமல் அதை மட்டும் சொன்னான்.

நான் வெட்டியபோது நீ கத்தவில்லை. கையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், "அண்ணா" என்று மட்டும் சொன்னாய். அது எனக்கு இத்தனை நாள் ஞாபகத்தில் இல்லை. அன்றைக்கு வந்துவிட்டது. விட்டுவிட்டேன். தனி அறையில் பத்து நாள் போட்டார்கள், அதுவும் நியாயம்தான்.

டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். இது சில குடும்பத்தில் ரத்தத்திலேயே வருமாம். கூடப் பிறந்தவர்கள் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நீயும் ஒரு தடவை புதுச்சேரிக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்.

ஆதிமூலம்

---

மரக்காணம்
15-5-2005

ஆதிமூலத்துக்கு,

உன் டாக்டரிடம் சொல். என் ரத்தத்தில் பாதி ஐயனார் கோயில் மண்ணில் போய்விட்டது. மிச்சத்தில் என்ன கொலஸ்ட்ரால் இருக்கப்போகிறது?

போன ரத்தம் ஊற வேண்டும் என்று என் பெண்சாதி கலைமதி வாரம் தவறாமல் ஈரலும் ஆட்டுக்கால் சூப்பும் வைக்கிறாள். கறியைப் பார்த்தால் உன் ஞாபகம் வருகிறது, உன் ஞாபகம் வந்தால் இன்னும் இரண்டு துண்டு சாப்பிடுகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. நான் உன்னைப்போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை.

உப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டோம். உப்பு வாரும் பலகையின் காம்பை என் வலது முழங்கையோடு துண்டு போட்டுக் கட்டித் தருகிறாள் கலைமதி. அப்படித்தான் வாருகிறேன். சாயங்காலம் துண்டை அவிழ்த்தால் தோலும் கூடவே வருகிறது. அந்தப் புண்ணில் உப்புத்தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் உன்னை நினைக்கிறேன்.

ஒரு விஷயம் ஜெயா அண்ணி எழுதியிருக்க மாட்டார், நான் எழுதுகிறேன். கலைமதியின் அண்ணன் தங்கராசு குடித்துவிட்டு, மூன்று பேரையும் ஒரு கேன் மண்ணெண்ணெயையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனான். அண்ணி உள்ளே தாழ் போட்டுக்கொண்டிருந்தார். கூரையில் எண்ணெய் ஊற்றிவிட்டான். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. நான் ஓடிப்போய் இடது கையால் அவன் வாயில் குத்தினேன். இரண்டு பல் வந்துவிட்டது. "மச்சான், உனக்காகத்தானே பண்றேன்" என்று அழுகிறான். "அந்த ஊட்டக் கொளுத்துறதா இருந்தா நான் கொளுத்துவேன்டா. வேற எவனுக்கும் அந்த உரிமை கெடையாது" என்றேன். கீழே விழுந்தவனை மறுபடியும் மறுபடியும் உதைத்தேன். கலைமதி வந்து என் காலைக் கட்டிக்கொண்டிருக்காவிட்டால் இப்போது நானும் உன் பக்கத்து அறையில் இருந்திருப்பேன்.

ஆகவே உன் வீடு அப்படியே இருக்கிறது. உன் பெண்சாதி அப்படியே இருக்கிறார். நீ வரும்வரை நான் பார்த்துக்கொள்வேன். வந்ததும் வெட்டுவேன். இருநூற்று நாற்பத்தொன்று போதாது, இருநூறுக்குக் கீழே வர வேண்டும் என்று டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

தட்சணாமூர்த்தி

---

மத்திய சிறை
7-8-2005

தம்பி தட்சணாமூர்த்திக்கு,

இது ஆடி மாதம். இந்த வருஷம் கிடாவெட்டு நடந்ததா என்று ஜெயாவிடம் கேட்டிருந்தேன். நீ நடத்தவிடவில்லை என்று எழுதினாள்.

நம் அப்பாவைப் பற்றி உன்னிடம் ஒரு விஷயம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லாவிட்டால் நீ என்னை வெட்டிய பிறகு சொல்ல ஆள் இருக்காது.

எனக்குப் பன்னிரண்டு வயது. நீ அம்மா இடுப்பில் இருந்தாய். பக்கத்துப் பாத்தியிலிருந்து உப்புத்தண்ணீரை அப்பா வரப்பு வெட்டித் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் பேச்சு வந்தது. அப்பா வெட்டவில்லை. அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அந்த வருஷம் இதே ஐயனார் கோயில் பந்தியில் அப்பா உட்கார்ந்தார். நான் அவருக்குப் பக்கத்து இலை. அப்பா ஒரு பிடி சோற்றை எடுத்து என் வாயில் வைத்தார். அடுத்த பிடியைப் பிசைந்துகொண்டிருக்கும்போது ஊர்த்தலைவர் சொல்லி ஒருவன் வந்து அவர் இலையை உருவினான். அப்பா எழுந்திருக்கவில்லை. பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே, இலை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக அந்தச் சோற்றை என் இலையில் வைத்துவிட்டு எழுந்து போனார். என்னைச் சாப்பிடச் சொன்னார்கள். நான் சாப்பிட்டேன், தம்பி. எனக்குப் பசித்தது.

இரண்டு மாதம் கழித்து அந்த வரப்பை நண்டு வளை போட்டு அறுத்திருந்தது தெரிய வந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. ஒருத்தன்கூட அப்பாவிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சாகும்வரை எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை. நாற்பத்தேழு வயதில் நெஞ்சு அடைத்துப் பாத்திக்குள்ளேயே முகம் குப்புற விழுந்து செத்தார். அந்தத் தலைவனை வெட்ட வேண்டும் என்று நான் எத்தனையோ வருஷம் நினைத்திருக்கிறேன். அவனும் செத்தான். என் கையில் இருந்த வெட்டு என் கையிலேயே தங்கிவிட்டது.

நீ இலையை எடுத்தபோது நான் உன்னைப் பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இலையைப் பிடித்த கையை மட்டும்தான் பார்த்தேன். வெட்டிய பிறகுதான் அது உன் கை என்று தெரிந்தது.

உனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் எடுத்திருக்க மாட்டாய். நான் சொல்லாமல் வைத்திருந்தது என் தப்பு. என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். மன்னிக்க வேண்டாம் என்றாலும் கேட்கிறேன்.

அப்பா ரத்தம்தான் உனக்கும். தயவுசெய்து போய்ப் பரிசோதனை செய்துகொள்.

ஆதிமூலம்

---

மத்திய சிறை
19-12-2005

தம்பி தட்சணாமூர்த்திக்கு,

அப்பாவைப் பற்றி எழுதி நாலு மாதம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. கடிதம் பார்க்கும் ஐயாகூட, "என்ன, தம்பி கோபத்த விட்டுட்டானா?" என்று கேட்டார். கோபத்தை விட்டிருந்தால் எழுதியிருப்பான் என்றேன்.

இருநூற்று ஐந்துக்கு இறங்கிவிட்டது. ஒன்பது கிலோ குறைந்திருக்கிறேன். வேட்டி நிற்கவில்லை, நாடா போட்டுக் கட்டுகிறேன். பச்சமுத்துவும் இப்போது என்னோடு நடக்கிறான். ஞாயிற்றுக்கிழமைக் கறியை மட்டும் அவன் விடவில்லை.

திட்டியாவது ஒரு கார்டு போடு.

ஆதிமூலம்

---

மத்திய சிறை
18-6-2006

தம்பி தட்சணாமூர்த்திக்கு,

ஜூலை பதினாலாம் தேதி என்னை விடுகிறார்கள். வெள்ளிக்கிழமை. மத்தியானத்துக்குள் மரக்காணம் பஸ் நிலையத்தில் இறங்குவேன்.

கடைசியாக ரத்தம் எடுத்ததில் நூற்று எண்பத்தெட்டு. நீ கேட்டபடி இருநூறுக்குக் கீழே. முழுசாக, உயிரோடு ஒப்படைக்கிறேன்.

பஸ் நிலையத்தில் வேண்டாம், பெண்கள் பிள்ளைகள் நிற்பார்கள். நாம் உப்பளத்துக்குப் போய்விடலாம். ஜெயாவை அன்றைக்கு இடையஞ்சாவடியில் அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடு. நான் கையை எடுத்துத் தடுக்க மாட்டேன், ஓட மாட்டேன். வலது கை போதும் என்றால் வரப்பில் நீட்டுகிறேன். அது போதாது என்றால் உன் இஷ்டம். உன் இடது கையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று தங்கராசுவின் பல் சொல்கிறது, ஒரே வெட்டில் முடித்துவிடு. உன்னைப் போலீஸ் பிடிக்காமல் இருக்க நானே அரிவாள்மேல் தவறி விழுந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கப் பார்த்தேன். அந்த ஐயா அதைப் பிடுங்கிக் கிழித்துவிட்டார்.

பத்து மாதமாக நீ பதில் எழுதவில்லை. நீ எழுதாமல் இருந்ததுதான் எனக்குத் தண்டனையாக இருந்தது, சிறை இல்லை. வந்து நில், போதும்.

உன் அண்ணன்,
ஆதிமூலம்

---

மரக்காணம்
4-7-2006

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் எல்லாக் கடிதமும் வந்தது. அப்பாவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. அப்பா பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு அடுப்பு ஓரத்தில் நின்றுகொண்டே சாப்பிடுவார். பரிமாறுவதில் அவருக்கு அவ்வளவு ஆசை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அப்படிப்பட்டவரின் பிள்ளைக்கு, அதே கோயிலில், அதே பந்தியில், நானே இலையை எடுத்திருக்கிறேன். அதற்கு என்ன பதில் எழுதுவது? தினமும் உட்கார்ந்தேன், தினமும் எழுந்தேன். பத்து மாதம் போய்விட்டது.

போன மாதம் இருபத்துநாலாம் தேதி வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. பாத்திக்குள் விழுந்துவிட்டேன். தேசப்பன்தான் முகத்தைத் தூக்கி வெளியே எடுத்தான், இல்லையென்றால் அப்பாவைப்போலவே போயிருப்பேன். புதுச்சேரியில் அதே டாக்டர். முன்னூற்று நாலு. "கூடப் பொறந்தவங்களுக்கு யாருக்காவது இருக்குதா?" என்று எழுதிக்கொண்டே கேட்டார். நிமிர்ந்து பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "நீதானே உங்க அண்ணனக் கூட்டிட்டு வந்தவன்? அவரு எப்படி இருக்காரு?" "உள்ள இருக்காரு சார். நூத்தி எண்பத்தெட்டு" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஏன் அவ்வளவு பெருமையாக இருந்தது என்று தெரியவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்து அழுதேன்.

உங்களுக்கு நான் எழுதிய கட்டளையெல்லாம் இப்போது எனக்கு. பத்து நாள்கூட ஆகவில்லை, தாங்க முடியவில்லை. நேற்று மத்தியானம் கலைமதி கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் வைத்தாள். பக்கத்து வீட்டில் கறி வேகும் வாசம் வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் வாங்கி வா என்றேன். மாட்டேன் என்று என் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அவ்வளவுதான் செய்தாள். தட்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன், அவள் தலைமயிரைப் பிடித்து அடிக்கக் கை ஓங்கினேன். வலது கை. விரல் மடங்காத அந்தக் கை மேலே நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அண்ணா, உங்கள் கை அன்றைக்கு எப்படி ஓங்கியது என்று இரண்டு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று தெரிந்துவிட்டது. அடிக்கவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்து சுவரில் ஒட்டிய களியைச் சுரண்டித் தின்றேன்.

பதினாலாம் தேதி பஸ் நிலையத்தில் நிற்பேன். அண்ணியும் வருவார், இடையஞ்சாவடிக்கெல்லாம் போக மாட்டாராம். அரிவாளைக் கொண்டுவர மாட்டேன். ஷேர் ஆட்டோ வேண்டாம், வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். உங்களுக்கும் எனக்கும் நடைதான் மருந்து.

இருபத்துமூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஐயனாருக்குக் கிடாவெட்டு வைத்திருக்கிறேன். அந்த அரிவாளைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டேன், அது பலிபீடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஒளித்துவைக்கச் சொல்லவில்லை. போன தடவை இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டிருக்கிறேன். முதல் இலை உங்களுக்கு. உங்களுக்குச் சோறும் ரசமும் கீரையும். பக்கத்து இலையில் நான் உட்காருவேன். வீட்டுக்காரன் என்று தேசப்பன் கொழுப்புத் துண்டாகப் பார்த்து எனக்கு வைப்பான், அவனைத் தடுக்காதீர்கள். நான் சாப்பிடுவேன். இரண்டாவது தடவையும் கேட்பேன். என்னை எனக்குத் தெரியும், மூன்றாவது தடவையும் கையை நீட்டுவேன்.

அப்போது ஊரே பார்க்க என் இலையை எடுத்துவிடுங்கள், அண்ணா. யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். நான் எழுந்து கை கழுவிக்கொள்கிறேன்.

உங்கள் தம்பி,
தட்சணாமூர்த்தி

கடிதங்களைப் படித்துப் பார்க்கும் ஐயாவுக்கு: இந்தத் தடவை மிரட்டல் ஒன்றும் இல்லை. வந்த அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.